மூட்டத்துக்குள் பதினொரு படம்

என் சின்னத்தொரை,

இந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பதினாலு மாதம் ஆகிறது. லயத்தில் எல்லோரும் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஓடுகிற விடியற்காலையில் நீ மட்டும் கம்பளிக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்பாய். "நம்ம சின்னத்தொரைக்கு இன்னும் விடியல" என்று உன் அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒட்டிக்கொண்ட பேர் இது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் ஒளித்து எழுதவில்லை. நீ கல்யாண வீட்டில் குடித்துவிட்டு விழுந்து செத்தாய் என்று சொன்னவர்களும் இதைப் படிக்கட்டும். நான் பழி போட்ட செல்வமும் படிக்கட்டும். நீ எப்படி விழுந்தாய் என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை மாதமும் அலைந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கண்டுபிடித்த நாளில் இருந்து சோறு இறங்கவில்லை.

என் புத்தி உனக்குத் தெரியும். கடைக்காரர் சிரித்துப் பேசினால் மாவில் ஏதோ கலந்திருக்கிறார் என்று நினைப்பவள் நான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கங்காணியின் விரல் தராசில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பேன். உன் அப்பா போன பிறகு அந்தப் புத்தி இன்னும் முற்றிவிட்டது. நீ தலவாக்கலை ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து பொழுது சாய்ந்து வர ஆரம்பித்தபோது, நீ பீலிக்கு முகம் கழுவப் போகிற நேரம் பார்த்து உன் சட்டையை மோந்து பார்ப்பேன். சாராய வாடை ஒரு நாளும் இருந்ததில்லை. பவுடர் வாடை இருக்கும். அது வேறு சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போகிறேன் என்று நீ கிளம்பினாய். அடுத்த பஸ்ஸில் நானும் ஏறி வந்தேன். நீ எந்தப் பெண்ணையும் பார்க்கப் போகவில்லை. ஒரு கடைக்கு வெளியே நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த லென்ஸ் ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். திரும்பும்போது என்னைக் கண்டுவிட்டாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். "அம்மா, ஒன் மருமக நல்லா இருக்காளா?" என்று அந்த லென்ஸைக் காட்டிக் கேட்டாய். பஸ் வரும் வரைக்கும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை வேவு பார்த்தது என் முதல் பிழை. அதுவே கடைசிப் பிழையாக இருந்திருக்கலாம்.

உனக்குப் படப் பைத்தியம் எங்கே பிடித்தது என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு மழை நாளில், படம் பிடிக்கிற ஆள் ஒருவர் லயத்துக்கு வந்தார். வெளியே நிற்க முடியாமல் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே வைத்து அப்பாவையும் என்னையும் ஒரு படம் எடுத்தார். ஜன்னல் இல்லாத காம்பரா, ஒரே ஒரு சிம்னி விளக்கு. படம் வந்தபோது என் மூக்குத்திக் கல் வரைக்கும் துலக்கமாக இருந்தது. அப்பாவின் முகம் மட்டும் புகை. அடுத்த வருஷம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். அடையாள அட்டைகூட எடுக்காமல் போன மனுஷன். வேறு படமே கிடையாது. நீ அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, "அப்பா ஏன் புகையா இருக்காரு?" என்று கேட்டாய். அசைந்துவிட்டார் என்றேன். ஸ்டூடியோவில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அந்தப் படத்தை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "அப்பா அசையலம்மா. அந்த ஆளு ஒன் மூக்குத்தியப் புடிச்சிட்டாரு. இருட்டுல மினுங்குறதுதான் கண்ணுல மாட்டும்." புகையாக வந்த படத்தை நீ எந்தக் கல்யாண வீட்டுக்கும் கொடுத்ததில்லை. இதை மற்றவர்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும், ஏனென்றால் இதை வைத்துத்தான் நான் ஒரு மனிதனைப் பொலிசுக்கு அனுப்பினேன்.

யுத்தம் முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் நீ மூச்சு வாங்க மலைக்கே ஏறி வந்தாய். நான் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ் ரோட்டில் இருந்தே கத்தினாய்: "அம்மா! புதுக் கமரா குடுத்துட்டாங்க!" காற்றில் அது காம்பரா என்று என் காதில் விழுந்தது. ஒழுகுகிற கூரைக்கு விடிவு வந்துவிட்டது என்று நான் கூடையை இறக்கியே வைத்துவிட்டேன். "எந்த லயத்துலடா? கடைசித் தொங்கல் காம்பராவா? கக்கூஸ் பக்கம்னா வேணாம்னு சொல்லிரு!" பக்கத்து நிரையில் நின்ற பொம்பளைகள் சிரித்த சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். "காம்பரா இல்லம்மா, கமரா! படம் புடிக்கிறது!" என்றாய். "அதுக்குள்ள குடியிருக்க முடியுமா?" என்று கேட்டேன். ஏமாற்றத்தில் வந்த கேள்வி அது. "சின்னத்தொரை அதுக்குள்ளதான் குடித்தனம் நடத்தப் போறாரு, நீ ஏன் அக்கா குறுக்க நிக்கிற" என்றாள் ஒருத்தி.

ஸ்டூடியோ முதலாளியின் சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த கமரா. முழுக் கறுப்பு. உள்ளங்கை அகலம். பழைய கமராவில் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கும், அதன் வழியாக ஆளை நேராகப் பார்க்கலாம், இதில் அந்தக் கண்ணாடி இல்லை, முதுகில் ஒரு சின்ன டிவிதான் இருக்கிறது என்று நீ விளக்கினாய். இவ்வளவு விலை உயர்ந்த சாமானை முதலாளி ஏன் லயத்துக்குக் கொடுத்து அனுப்புகிறார் என்று எனக்கு உடனே உறுத்தியது. உடைந்தால் உன் தலையில் கட்டத்தான் என்று சொன்னேன். "பழகிட்டு வான்னு குடுத்தாரும்மா. எல்லாரையும் கள்ளனாப் பார்க்காத" என்றாய்.

மூன்று வாரம், தினமும் வேலை விட்டு வந்ததும், காம்பராவில் இருந்த ஒற்றை பல்பின் கீழ் என்னை உட்காரவைத்துப் பழகினாய். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, சிள்வண்டு போல் சத்தம் போட்டு, நடுவில் ஒரு பெட்டி பச்சையாக வரும். வராவிட்டால் சிவப்பாக மினுக்கும். பல்பின் நேர்கீழே பச்சை. நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்தால் சிவப்பு. "இது மொகத்தத் தேடலம்மா, ஓரத்தத் தேடுது" என்று சொன்னாய். வெளுப்பும் கறுப்பும் சந்திக்கிற ஓரம் இருந்தால் அதைக் கவ்விக்கொள்ளுமாம். என் பழைய சேலையில் ஓரம் மங்கிப்போய்விட்டது என்று வெள்ளைக் கரை போட்ட சேலையைக் கட்டிவரச் சொன்னாய். ஆள் நகர நகரப் பின்தொடர்கிற மாதிரி வைத்தால் இருட்டில் கமரா தடுமாறிப்போகும், ஒருதரம் பிடித்து நிற்கிற மாதிரி வைக்கவேண்டும். பல கட்டம் தேடவிடாமல் நடுக்கட்டம் ஒன்றில் மட்டும் தேடவிட வேண்டும். லென்ஸின் வாயை அகலத் திறந்து வைத்தால் கமராவுக்கும் கொஞ்சம் வெளிச்சம் சாப்பிடக் கிடைக்கும். எனக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போது நினைத்தேன். இன்றைக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. "என்னமோ தெரியல, இருட்டுல ரொம்பத் தடுமாறுது, புஸ்தகத்துல இப்பிடிப் போடல" என்று நீ ரெண்டு மூன்று தடவை முனகியதும் மறக்கவில்லை.

டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்தக் கல்யாணம். அன்றைக்கும் நான் வழக்கமான புத்திமதியெல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். தெரியாதவன் தருகிற எதையும் குடிக்காதே, பஸ்ஸில் மிதிபலகையில் நிற்காதே, கமராப் பையை மடியில் வைத்துக்கொள். நீ எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றாய். பொழுது சாய்கிற நேரத்தில் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஓடைக்கு மேலே இருக்கிற ரோட்டு வளைவுக்குக் கூட்டிப்போனாயாம். மூட்டம் இறங்கிக்கொண்டிருந்ததாம். மூட்டத்தில் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைத் துணி கட்டின மாதிரி வரும் என்று அடிக்காமல் எடுத்தாயாம். ரோட்டு ஓரக் கல்கட்டில் இருந்து பின்பக்கமாக ஓடைக்குள் விழுந்தாயாம். எல்லாம் செல்வம் சொன்னது. மாப்பிள்ளையின் அண்ணன், கொழுந்து லொறி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரி வாசலில் அவன்தான் உன் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். முழங்கால் எல்லாம் சேறு. என் பிள்ளையின் மண்டை உடைந்திருக்கிறது, கமராவில் ஒரு கீறல் இல்லை. "தேயிலச் செடியில வார் மாட்டித் தொங்குச்சு அக்கா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அந்த நிமிஷமே அவனைப் பிடித்துக்கொண்டேன் மனசில்.

எட்டாம் நாள் காரியத்துக்கு முன்னமே முதலாளி வந்து கமராவை வாங்கிக்கொண்டு போனார். அதுவும் சந்தேகம். செல்வம் ஒரு மூட்டை அரிசி இறக்கினான். குற்றம் செய்யாதவன் ஏன் அரிசி இறக்குகிறான்? "கல்யாண வீடு, இளந்தாரிப் பயல், ஒரு மடக்கு குடிச்சிருப்பான்" என்று லயத்தில் பேசினார்கள். பொலிசில் எழுதியவரும் அதையேதான் எழுதினார். காரியம் முடிந்ததும் ஸ்டூடியோவுக்குப் போய், அந்த வளைவில் எடுத்த படங்களைக் கடதாசியில் அடித்துத் தரச் சொன்னேன். பதினொரு படம். பத்தும் துலக்கம். பதினோராவது புகை. இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. படத்துக்குப் படம் பொண்ணும் மாப்பிள்ளையும் சின்னதாகிக்கொண்டே போனார்கள். யாரோ உன்னைப் பின்பக்கமாக இழுத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இழுபறியில் கமராவைப் பறித்த கைதான் அந்தப் புகைப் படத்தை அமுக்கியிருக்கிறது. என் பிள்ளை புகைப்படம் எடுப்பான், புகையைப் படம் எடுக்கமாட்டான் என்று பொலிசில் சொன்னேன். செல்வத்தை ரெண்டு தரம் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தார்கள். லொறியில் இருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால், உன்னோடு வேலை செய்த சிவா ஸ்டூடியோவில் தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். முதலாளி சொல்லிக்கொடுத்த கதையைச் சொல்வான் என்றுதான் நினைத்துப் போனேன். படத்தை மேசையில் விரித்தேன். அவன் அந்தக் கமராவையே எடுத்துவந்தான். உன் ஞாபகத்தில் அதை யாரும் தொடுவதில்லையாம், பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம்.

"அம்மா, இதுல ஒரு செட்டிங் இருக்கு. தெளிவு புடிபடாம பட்டன அமுக்கினா படம் எடுக்காது. கோவிச்சுக்கிட்டு நிக்கும். அத அவன்தான் போட்டு வச்சிருந்தான்."

"அப்ப இந்தக் கடைசிப் படம் எப்பிடி?"

"அந்த செட்டிங்க எடுத்துட்டு எடுத்தது."

"எடுத்தது யாரு?"

"கமராவுக்கு ஆள் தெரியாதும்மா. நேரம்தான் தெரியும்."

நேரத்தைக் காட்டினான். முதல் படத்துக்கும் ரெண்டாவதுக்கும் பத்து செக்கன். அப்புறம் இருபது. அப்புறம் ஒரு நிமிஷம். வெளிச்சம் குறையக் குறைய நீ காத்திருந்திருக்கிறாய். பத்தாவதுக்கும் பதினோராவதுக்கும் நடுவில் ரெண்டு நிமிஷம். "கமராவப் பறிச்சவன் மெனுவுக்குள்ள போயி, மூணாவது பக்கத்துல கெடக்குற செட்டிங்க மாத்திட்டு, பொண்ணையும் மாப்பிள்ளையையும் நடுக்கட்டத்துல வச்சு அமுக்குவானா? அவ்வளவு பொறுமையான கள்ளன நான் பார்த்ததில்ல. குடிச்சவனாலயும் முடியாது" என்றான். உன் பேரில் இருந்த சாராயத்தை அந்த ஒரு சொல்லில் கழுவிவிட்டான். எனக்கு அவனைக் கும்பிடத் தோன்றியது.

பிறகு கதவைச் சாத்தி விளக்கை அணைத்தான். என் கை எனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்ன டிவியில் மட்டும் நான் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "எனக்குத் தெரியாத வெளிச்சம் இதுக்கு மட்டும் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். "கூட்டிக் காட்டுதும்மா. இருட்ட இருட்டாவே காட்டுற மாதிரியும் வைக்கலாம். அப்பிடி வச்சா புடிக்கிறது கஷ்டம்னு அவன் வைக்கல. அதையே பார்த்துக்கிட்டு நின்னா, கால் கிட்ட எவ்வளவு இருட்டுன்னு தெரியாது." அந்தக் கமரா உனக்குப் பொய் வெளிச்சம் காட்டியிருக்கிறது. நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அதுதான்.

"அப்ப அவன் ஏன் பின்னுக்குப் போனான்?" என்று கேட்டேன். அதற்கு அவன் யோசித்தான். கிட்டத்தில் முகம் பிடிபடாவிட்டால், கொஞ்சம் தள்ளிப் போய், வானத்தின் வெளுப்பில் ஆளின் ஓரத்தைப் பிடிக்கலாம், அதற்காகப் போயிருப்பான் என்றான். "ஆனா கிட்டத்துல புடிக்கத்தான் இதுல ஒரு வெளக்கு இருக்கே. லென்ஸ் பக்கத்துல ஒரு சின்னக் கண்ணு. இருட்டுல அதுவா எரிஞ்சு மொகத்துல வெளிச்சம் போடும். செட்டிங்லயும் ஆன்லதான் இருக்கு." பட்டனைப் பாதி அமுக்கினான். விளக்கு வரவில்லை. விளக்கைப் போட்டுக் கமராவைத் திருப்பி, நகத்தால் சுரண்டினான். "என்னமோ ஒட்டியிருக்கு. அட, ஸ்டிக்கர் பொட்டு! கல்யாண வீட்டுல எவளோ நெத்தியில இருந்து ஒட்டிக்கிச்சு போல" என்று சிரித்து, அதைத் தன் விரல் நுனியில் ஒட்டி எனக்குக் காட்டினான். கறுப்புப் பொட்டு.

கல்யாண வீட்டில் ஒட்டினது இல்லை, ராசா. நான் வைத்தது. இத்தனை பக்கமும் அதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ கமராவைக் கொண்டுவந்த மறுநாள் விடியற்காலையில், நீ கம்பளிக்குள் கிடக்கும்போது, பையைத் திறந்து பார்த்தேன். எத்தனை பேர் கண் படப் போகிறதோ என்று பயம். பெரிய கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண் என்னையே முறைத்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. குழந்தையில் உன் கன்னத்தில் வைத்த மாதிரி, நாவூறு படாமல் இருக்கட்டும் என்று அந்தக் கண்ணின் மேலேயே அழுத்தி ஒட்டினேன். கறுப்பில் கறுப்பு. உனக்குத் தெரியாது என்று எனக்குள்ளே சிரித்தும்கொண்டேன்.

சிவாவிடம் அதை நான் சொல்லவில்லை. "ஆமா, எவளோ ஒட்டியிருப்பா" என்றேன். பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். அன்றைக்கே பொலிசுக்குப் போய் செல்வம் மேல் சொன்னதைத் திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவனைச் சந்தேகப்படுகிற வரைக்கும்தான் என்னை நான் பார்க்காமல் இருக்கலாம். ஆறு மாதம் இப்படி இருந்தேன். போன வாரம்தான் போனேன். பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். இப்போது நுவரெலியாப் பக்கம் மரக்கறிச் சந்தையில் கோவா மூட்டை தூக்குகிறான். "உள்ள வாங்க அக்கா" என்றான். பொட்டைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் சொன்னான்: "அக்கா, பொண்ணோட கால் வரைக்கும் தெரியணும், பின்னுக்குப் போங்க, இன்னும் பின்னுக்குப் போங்கன்னு கத்துனது நான்தான். அதான் ஒங்க மொகத்தப் பார்க்க முடியல."

உண்மையாகவே கத்தினானா, இல்லை என் பாரத்தைக் குறைக்க அப்படிச் சொன்னானா என்று திரும்பி வரும் வழியெல்லாம் சந்தேகப்பட்டேன். என் புத்தி மாறவில்லை. எப்படியானாலும் அவன் உன்னைத் தள்ளவில்லை. ஓடைக்குள் இறங்கி உன்னைத் தூக்கியவன் அவன். அந்தச் சேறுதான் அவன் முழங்காலில் இருந்தது. இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். அவனுக்கு லொறியைத் திரும்பக் கொடுக்கச் சொல்லித் தோட்டத்தில் கேட்கவும் போகிறேன்.

ஆனால் உன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, சின்னத்தொரை. நீ தினமும் வேலை விட்டு வந்து அந்தக் கமராவை மஞ்சள் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைப்பாய். மூன்று வாரம் துடைத்த விரலுக்கு ஒரு பொட்டு தட்டுப்படாமல் இருக்குமா? பிறகு சிவாவிடமும் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன், "தெரிஞ்சிருக்கும்மா, தெரியாமலும் இருந்திருக்கும்" என்று மழுப்பினான். பத்தாவது படத்துக்கும் பதினோராவதுக்கும் நடுவில், அந்தக் குளிரில், விளக்கு ஏன் வரவில்லை என்று நீ ரெண்டு நிமிஷம் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாயே, அப்போது உன் நகம் அதன் விளிம்பில் பட்டதா? பட்டும், அம்மா வைத்த பொட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று உரிக்காமல் விட்டுவிட்டாயா?